கரிவலத்து ஏடுகளும் ஒரு வீடியோ கேம் கேசட்டும்

சங்கரன்கோவிலிலிருந்து ராஜபாளையம் செல்லும் சாலையில் இருக்கிறது கரிவலம்வந்தநல்லூர். தமிழ் படித்தவர்களுக்கு இவ்வூர் இரண்டு காரணங்களால் நினைவில் இருக்கும். முதலாவது, பால்வண்ணநாதர் கோயிலும் அதைப் பாடிய திருக்கருவை அந்தாதிகளும். பதிற்றுப்பத்து, கலித்துறை, வெண்பா என மூன்று அந்தாதிகள் உண்டு. 16ஆம் நூற்றாண்டில் தென்காசிப் பாண்டியர் மரபில் வந்த அதிவீரராமர், வரதுங்கராமர் ஆகிய இருவர் பெயரோடும் இணைத்து அவை பேசப்படுகின்றன. நைடதமும் வெற்றிவேற்கையும் தந்த அதிவீரராமனைப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். இரண்டாவது காரணம் அத்தனை இனிமையானதன்று.

சுவடி தேடித் தென்பாண்டி நாடெங்கும் அலைந்த நாட்களில் உ.வே. சாமிநாதையர் எங்கள் ஊருக்கும் வந்தார். பாண்டிய மன்னர் சேர்த்துவைத்த ஏடுகள், அவருக்குப்பின் கோயிலுக்கு வந்து சேர்ந்தன என்று கேள்விப்பட்டு வந்தவர், அவற்றைப் பார்க்க வேண்டுமென்று கோயிலைச் சேர்ந்தவர்களிடம் கேட்டார். குப்பைபோலக் குவிந்து கிடந்த பழைய ஏடுகளை ஆகமத்தில் சொல்லியபடி நெய்யில் தோய்த்து ஹோமத்தில் இட்டுவிட்டதாக அவருக்குப் பதில் கிடைத்தது. அந்தப் பதிலைக் கேட்டு அவர் அடைந்த துயரத்தை அவரே எழுதிவைத்திருக்கிறார். தமிழ் வகுப்பில் இந்த நிகழ்ச்சியைச் சொல்லும் ஒவ்வோர் ஆண்டும் மாணவர்களின் முகத்தில் கோபத்தைப் பார்க்கிறேன். சொந்த ஊர்க்காரன் என்ற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் கூச்சமும் உண்டு.

ஆனால் அந்தக் கோயிற்காரர்கள் மீது நான் இப்போது கோபப்படுவதில்லை. அவர்கள் ஏட்டை அவமதிக்கவில்லை. மரியாதை செய்வதாக எண்ணியே தீயில் இட்டார்கள். இதை எனக்குப் புரியவைத்தது ஒரு வீடியோ கேம் கேசட் என்றால் நண்பர்கள் சிரிக்கக்கூடும். அந்தக் கதையைச் சொல்லத்தான் இக்கட்டுரை.

1990களின் நடுப்பகுதியில் என் சித்தப்பா மதுரையிலிருந்து ஒரு டிவி கேம் பெட்டி வாங்கிவந்தார். டிவியின் பின்னால் ஆண்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு இதன் ஒயரைச் செருக வேண்டும். பிறகு சானலைத் திருகித் திருகிப் படம் தெரியும் இடத்தைப் பிடிக்க வேண்டும். படம் தெரியாவிட்டால் கேசட்டைக் கழற்றி அதன் வாயில் ஊதிவிட்டு மறுபடி செருகுவோம். ஊதினால் சரியாகும் என்பது தெருவெங்கும் நிலவிய நம்பிக்கை. உண்மையில் கழற்றிச் செருகியதில் முனைகள் மறுபடி சரியாகப் பொருந்தியதே பலன் தந்தது. ஊதிய எச்சில் ஈரம் உலோகத்தை அரிக்கவே செய்தது என்பதைப் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தப் பெட்டி ஒரு நகல். அதன் மூலம் ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலை 15 அன்று வெளியிட்ட ஃபேமிகாம். அதை வடிவமைத்த குழுவின் தலைவர் மசாயுகி உயெமுரா 2021இல் காலமானார். அமெரிக்காவில் அதே கருவி 1985இல் வேறு உருவில் வந்தது. இந்தியாவுக்கும் ரஷ்யாவுக்கும் கிழக்கு ஐரோப்பாவுக்கும் பெரும்பாலும் வந்து சேர்ந்தவை தைவானிலும் சீனத்திலும் செய்யப்பட்ட நகல்கள்தாம். ரஷ்யர்களுக்கு அது 'டெண்டி'. போலந்துக்காரர்களுக்கு 'பெகாசஸ்'. நம்மவர்களில் சிலருக்கு 'சாமுராய்', சிலருக்கு 'லிட்டில் மாஸ்டர்'. மூலத்தின் பெயரையே அறியாமல் ஒரு தலைமுறை அந்த ஆட்டங்களை ஆடி வளர்ந்தது. மூலநூலைக் காணாமல் உரையை மட்டும் படித்துத் தேறியவர்கள் நம் மரபிலும் உண்டல்லவா?

கேசட்டுகளும் நகல்களே. '64 இன் 1', '9999 இன் 1' என்றெல்லாம் மேலட்டையில் அச்சிட்டிருக்கும். உள்ளே ஏழெட்டு ஆட்டங்கள் இருந்தால் அதிகம். மற்றவை அதே ஆட்டங்களின் வேறுபட்ட வடிவங்கள். ஒரு காண்ட்ராவில் முப்பது உயிர், இன்னொன்றில் நேரடியாக மூன்றாம் கட்டத்தில் தொடக்கம், வேறொன்றில் பெயர் மட்டும் மாற்றம். ஏமாற்றிவிட்டார்கள் என்று அன்று நினைத்தோம். எங்கோ ஒரு பட்டறையில் உட்கார்ந்து, பிறர் எழுதிய நிரலைத் திறந்து, எந்த எண்ணை மாற்றினால் உயிர் கூடும் என்று தேடிக் கண்டுபிடித்த பெயர் தெரியாத ஒருவரின் வேலை அது. நான் ஆடிய முதல் ஆட்டங்களே திருத்தப்பட்ட பிரதிகள்தாம் என்பதை உணர எனக்கு இருபது ஆண்டுகள் ஆயின.

பாளையங்கோட்டையில் கல்லூரியில் படித்தபோது ஒரு விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தேன். பெட்டியைக் காணோம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் கொடுப்பவரிடம் அம்மா அதைப் போட்டிருந்தார். பரணைச் சுத்தம் செய்தபோது ஓடாத பெட்டி, உடைந்த கேசட்டுகள், அறுந்த ஒயர்கள் எல்லாம் போயின. "ஓடாத சாமான எதுக்குய்யா வச்சுக்கிட்டு அடையணும்?" என்றார். ஒரு தட்டில் பேரீச்சம்பழத்தையும் எடுத்துவந்து வைத்தார். எனக்குப் பிடிக்கும் என்று எடுத்துவைத்திருந்த பழம் அது. என்ன சொல்வது? என் புத்தக அடுக்குக்குப் பின்னால் விழுந்து கிடந்த ஒரே ஒரு கேசட் மட்டும் தப்பியது. சுவடி சேகரித்தவர்கள் அடிக்கடி சொல்வதுபோல, தப்பியது தற்செயலாகத்தான்.

பத்தாண்டுகளுக்கு முன் அந்தக் கேசட்டைத் திறந்து பார்த்தேன். உள்ளே சிறிய பச்சைப் பலகை, அதன் நடுவே தார் சொட்டியதுபோல ஒரு கறுப்புப் பொட்டு. சில்லுக்கு உறைபோட்டால் செலவு கூடும் என்று, சில்லைப் பலகையில் நேரடியாக ஒட்டி, மேலே பிசினை ஊற்றி மூடியிருப்பார்கள். அதில் பெயரோ எண்ணோ இருக்காது. ஓலையின் முதல் ஏடும் கடைசி ஏடும் உதிர்ந்துபோன சுவடியில் நூற்பெயரும் எழுதியவர் பெயரும் கிடைக்காமல் போவதைப் போன்ற நிலை இது. படித்துப் பார்த்தாலன்றி உள்ளே இருப்பது எது என்று சொல்ல முடியாது.

படிக்க வழி இருக்கிறது. ஃபேமிகாம் கேசட்டில் 60 முனைகள். அவற்றைக் கணினியோடு இணைக்கும் சிறு கருவிகளை ஆர்வலர்கள் செய்து விற்கிறார்கள். ஒவ்வொரு முகவரியாகக் கேட்டு, அங்குள்ள எண்ணை வாங்கி, வரிசையாக எழுதிக்கொண்டால் பிரதி தயார். இதில் ஒரு சிக்கல் உண்டு. அந்தக் கருவியின் மூளையால் கேசட்டின் நிரலில் ஒரு நேரத்தில் 32 கிலோபைட் அளவை மட்டுமே பார்க்க முடியும். அதைவிடப் பெரிய ஆட்டங்களில், வேண்டிய பகுதியை வேண்டிய நேரத்தில் முன்னால் கொண்டுவந்து வைக்கும் ஏற்பாடு கேசட்டுக்குள்ளேயே இருக்கும். பல ஆட்டக் கேசட்டுகளில் ஒவ்வொரு பட்டறையும் இந்த ஏற்பாட்டைத் தன் மனம்போல அமைத்துக்கொண்டது. கட்டுகளை மாற்றி அடுக்கிய சுவடியை ஒழுங்குபடுத்துவது போன்ற வேலை. எனக்கு அது ஒரு கோடை விடுமுறை முழுவதையும் எடுத்துக்கொண்டது.

கடைசியில் கிடைத்தவற்றுள் ஒன்று 1985 செப்டம்பர் 13 அன்று ஜப்பானில் வெளிவந்த சூப்பர் மரியோ பிரதர்ஸ். அதன் மொத்த அளவு 40 கிலோபைட். நிரல் 32, படங்கள் 8. இன்று செல்பேசியில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் இதைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்த 8 கிலோபைட்டில் 512 சிறு கட்டங்கள். ஒவ்வொன்றும் எட்டுக்கு எட்டு என 64 புள்ளி. ஒரு புள்ளிக்கு நான்கு நிறங்களில் ஒன்று. ஆக, ஒரு கட்டத்துக்கு 16 பைட். சங்கரன்கோவிலில் தறியும் நூலும் சூழ வளர்ந்தவர்களுக்கு இது புதிதன்று. சேலைக் கரைக்குக் கட்டத்தாளில் புள்ளி வைத்து டிசைன் போடுவதைப் பார்த்தவர்கள் அவர்கள். மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவும் தெசுகாவும் கட்டத்தாளில்தான் அதன் களங்களை வரைந்தார்கள். இடம் போதாமையால் அவர்கள் செய்த சிக்கனம் வியப்பூட்டுவது. அந்த ஆட்டத்தில் வானத்து மேகமும் தரைப் புதரும் ஒரே படந்தான். வெள்ளை பூசினால் மேகம், பச்சை பூசினால் புதர்.

இப்படித் திறந்து பார்ப்பவன் அடுத்து மாற்றிப் பார்க்கவே விரும்புவான். மரியோவுக்குத் தொடக்கத்தில் மூன்று உயிர். ஆனால் நிரலில் அந்த இடத்தில் எழுதியிருக்கும் எண் 2. கையில் இருப்பது போக மீதி எத்தனை என்று அது கணக்கு வைக்கிறது. அந்த 2ஐ 9 ஆக்கினேன். பத்து உயிர்கள் கிடைத்தன. நாற்பது வயதை நெருங்கிய ஒரு தமிழாசிரியன் நள்ளிரவில் தனியே உட்கார்ந்து சிரித்தேன்.

இந்தப் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1981இல் அமெரிக்காவில், எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் தொடங்கிய ஜெனரல் கம்ப்யூட்டர் என்ற சிறு நிறுவனம், அட்டாரியின் மிசைல் கமாண்ட் ஆட்டத்தைக் கடினமாக்கும் பலகை ஒன்றைச் செய்து விற்றது. அட்டாரி வழக்குத் தொடுத்தது. பின் சமரசமாகி அவர்களையே வேலைக்கு அமர்த்திக்கொண்டது. அதே இளைஞர்கள் பேக்மேனைத் திருத்திச் செய்துவைத்திருந்த 'கிரேஸி ஆட்டோ' என்ற ஆட்டத்தை மிட்வே நிறுவனம் வாங்கி, 1982இல் மிஸ் பேக்மேன் என்று வெளியிட்டது. திருத்திய பிரதியே மூலத்துக்கு நிகராகப் புகழ்பெற்றது. 1990இல் வந்த கேம் ஜீனி என்ற கருவி, கேசட்டுக்கும் பெட்டிக்கும் நடுவே அமர்ந்து, நிரல் கேட்கும் எண்ணுக்குப் பதிலாக வேறொரு எண்ணைச் சொல்லும். நின்டெண்டோ வழக்காடியது. இது புதிய நூலை உண்டாக்குவதாகாது என்று அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் 1992இல் தீர்ப்பளித்தது. 1997இல் நெஸ்டிகிள் என்ற மென்பொருள் ஃபேமிகாம் ஆட்டங்களைக் கணினியில் ஓட்டியதோடு, படக்கட்டங்களை அங்கேயே திருத்தவும் இடம் கொடுத்தது. வீட்டிலிருந்து ஆட்டம் திருத்துவோர் பெருகியது அதன் பிறகுதான்.

தமிழ் படித்தவனுக்கு இதில் மலைக்க ஒன்றுமில்லை. கம்பராமாயணத்தில் வெள்ளியம்பலத் தம்பிரான் தம் பாடல்களைச் சேர்த்தார் என்பது செவிவழி வரலாறு. அப்படி நுழைந்தவற்றை 'வெள்ளி பாடல்கள்' என்றே சொல்லிவந்தார்கள். பிற்காலப் பதிப்பாசிரியர்கள் ஐயத்துக்குரியவற்றைப் பிரித்து, 'மிகைப் பாடல்கள்' என்று தனியே அச்சிட்டார்கள். அழித்துவிடவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். செருகப்பட்டது எது என்று குறித்து, அதையும் காப்பாற்றித் தந்தார்கள்.

பாடபேதம் ஆட்டங்களிலும் உண்டு. 1988இல் ஜப்பானில் வந்த காண்ட்ராவில் முதல் கட்டத்துக் காட்டின் மரங்கள் காற்றில் அசையும். கட்டங்களுக்கு இடையே கதைக் காட்சிகள் வரும். அமெரிக்கப் பிரதியில் மரங்கள் அசைவதில்லை, காட்சிகளும் இல்லை. கொனாமி நிறுவனம் ஜப்பானில் தன் சொந்தச் சில்லைக் கேசட்டில் வைத்துக்கொள்ள முடிந்தது. அமெரிக்காவில் நின்டெண்டோ அனுமதித்த பலகையையே பயன்படுத்த வேண்டியிருந்தது. எழுதும் பொருள் மாறினால் எழுத்தும் மாறுகிறது. அதே காண்ட்ராவில் முப்பது உயிர் பெறுவதற்கான பொத்தான் வரிசை, மேலே மேலே கீழே கீழே என்று தொடங்குவது, உலகெங்கும் வாய்மொழியாகவும் பரவியது. 1986இல் கிரேடியஸ் ஆட்டத்தைச் சோதித்துப் பார்க்கத் தனக்கே கடினமாக இருந்ததால் அதை முதலில் வைத்தவர் கசுஹிசா ஹஷிமோட்டோ. 2020இல் அவர் மறைந்தபோது அச்செய்தியை நின்று வாசித்தவர்களில் நானும் ஒருவன்.

ஆட்டம் திருத்துவோர் தம் வேலையைப் பகிரும் முறை இன்னும் வியப்புக்குரியது. திருத்திய ஆட்டத்தை முழுதாக அவர்கள் தருவதில்லை. தந்தால் மூலத்தின் உரிமையாளருக்குச் செய்யும் திருட்டாகும். ஆகவே ஐ.பி.எஸ். என்ற சிறு கோப்பைத் தருகிறார்கள். அதில் இருப்பவை மூன்றே. எந்த இடம், எத்தனை பைட், அங்கே வர வேண்டிய புதிய எண்கள். மூலம் கைவசம் உள்ளவர் அதை இதன்படி திருத்திக்கொள்ளலாம். சாமிநாதையர் பதிப்புகளின் பக்க அடியில் சிற்றெழுத்தில் வரும் பிரதிபேதக் குறிப்புகளைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது வேறெதுவாகவும் தோன்றாது. நம் நாட்டுச் சட்டமும் இந்த ஒப்புமைக்கு இடந்தருகிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் பின்னர் திருத்தப்பட்டபோது, கணினி நிரல் 'இலக்கியப் படைப்பு' என்ற சொல்லின் பொருளுக்குள்ளேயே சேர்க்கப்பட்டது.

பிறகு என் சொந்தத் திருத்தத்தைத் தொடங்கினேன். செங்கற்களைக் காவியும் வெள்ளையும் மாறிவரும் கோயில் மதிலாக்கினேன். நாணயங்கள் களாப்பழங்களாயின. களா எங்கள் கோயிலின் தலமரம். கட்டத்தின் முடிவில் மரியோ தாவிப் பிடிக்கும் கொடிக்கம்பம் கொடிமரமாயிற்று. இவையெல்லாம் எளிது. எழுத்தில்தான் இடித்தது.

மூலத்தில் எழுத்துக்கென ஒதுக்கியவை 36 கட்டங்கள். பத்து இலக்கம், இருபத்தாறு ஆங்கில எழுத்து. இதற்குள் தமிழைக் குடியேற்ற வேண்டும். ட, ப, ம எட்டுப் புள்ளி அகலத்தில் அடங்கிவிடும். ண, ஞ அடங்கா. துணைக்கால், ஒற்றைக்கொம்பு, ஐகாரக் குறி மூன்றும் தனித்தனியே நிற்பவை. ஒரு கட்டம் செய்துவிட்டால் எல்லா எழுத்தோடும் சேரும். 1978இல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று, தும்பிக்கை தூக்கிய பழைய 'லை', 'ணை' வடிவங்களை விலக்கியபோது தட்டச்சுக்கும் அச்சுக்கும் கிடைத்த நன்மையை அன்றிரவு நான் விரல்நுனியில் உணர்ந்தேன். உகரந்தான் ஒத்துழைக்கவில்லை. கு, டு, து, மு, ரு என ஒவ்வொன்றும் ஒரு தனி உருவம். ஓலை எழுதியவர்களும் இப்படித்தான் தவித்திருப்பார்கள். ஓலை கிழியும் என்று அவர்கள் புள்ளியிடாமல் எழுதினார்கள். மெய் எது, உயிர்மெய் எது, எகரமா ஏகாரமா என்பதைப் படிப்பவனே தீர்மானிக்க வேண்டியிருந்தது. உதடு ஒட்டாத சொற்களாகத் தேடி நிரோட்டகம் பாடிய சிவப்பிரகாசரை நினைத்துக்கொண்டு, உகரம் குறைந்த சொற்களாகத் தேடினேன். 'திருக்கருவை' என்ற பெயரிலேயே 'ரு' இரண்டு முறை வந்து நின்றது. ஒரே கட்டம் இரண்டுக்கும் போதும் என்று ஆறுதல் அடைந்தேன்.

ஆடியவர்களுக்குத் தெரியும். மரியோ ஒவ்வொரு கோட்டையாக வென்று உள்ளே போவான். அங்கே இளவரசி இருக்கமாட்டாள். ஏவலன் ஒருவன் நின்று, அவள் வேறு கோட்டையில் இருப்பதாகச் சொல்வான். இப்படி ஏழு முறை. அந்த வசனத்தை என்னவென்று மாற்றுவது என்று யோசித்தபோது சாமிநாதையர் நினைவுக்கு வந்தார். ஊர் ஊராகப் போய், வீடு வீடாக ஏறி இறங்கி, ஏடு இங்கே இல்லை, அங்கே கேட்டுப் பாருங்கள் என்ற பதிலைச் சலிக்காமல் வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்கு வண்டி கட்டியவர். 'ஏடு இங்கே இல்லை' என்றே எழுதினேன். கைவசம் இருந்த கட்டங்களில் அது சரியாக அடங்கியது.

வீடியோ கேம்களின் நிலையும் இன்று ஏறக்குறைய அதுதான். 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான பழைய ஆட்டங்களில் 87 விழுக்காடு இன்று விற்பனையில் கிடைப்பதில்லை என்று வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. முறையாக வெளியான ஆட்டங்களுக்கே இந்தக் கதி. நம் சிற்றூர்களுக்கு வந்த நகல் கேசட்டுகளை எந்த ஆவணக்காப்பகம் கணக்கில் எடுத்தது? அவற்றில் ஒவ்வொன்றும் யாரோ திருத்திய பிரதி. வேறெங்கும் இல்லாத பாடம் ஒன்று அவற்றுள் இருக்கலாம். அவை எரிக்கப்படவில்லை. பேரீச்சம்பழத்துக்குப் போயின.

அம்மாவிடம் எனக்கு வருத்தமில்லை. வீட்டைச் சுத்தமாக வைக்க அவருக்குத் தெரிந்த சாத்திரம் அது. ஆகமம் சொன்னபடி ஏட்டை நெய்யில் தோய்த்தவர்களுக்கும் வேறு சாத்திரம் தெரிந்திருக்கவில்லை. பொருளின் மதிப்பை அறிந்த ஒருவர் ஒரு தலைமுறை முன்னதாக வந்து கேட்டிருக்க வேண்டும். எங்கள் ஊர்க் கோயிலுக்கு அவர் தாமதமாக வந்தார். என் வீட்டுப் பரணுக்கு நானே தாமதமாக வந்தேன். அதனால்தான் இப்போது யாராவது பழைய கேசட் இருக்கிறது என்றால் விலை கேட்காமல் போய்ப் பார்க்கிறேன். முதலில் பிரதி எடுத்துக்கொள்கிறேன். நல்லதா கெட்டதா, மூலமா நகலா என்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

என் திருத்தத்தில் ஒன்று மட்டும் நெடுநாள் முடியாமல் இருந்தது. எட்டாவது கோட்டையில் ஏவலன் இல்லை. அங்கே உண்மையாகவே இளவரசி இருக்கிறாள். கரிவலத்துக் கதைக்கு அந்த இடத்தில் எதை வரைவது? சாம்பலை வரைந்து பார்த்தேன். அதுதான் நடந்தது. ஆனால் எட்டுக் கோட்டை தாண்டி வருகிற பிள்ளைக்கு அதைக் காட்ட மனம் வரவில்லை. கடைசியில் அந்தச் சில கட்டங்களில், சிவப்புக் கயிற்றால் கட்டிய ஒரு சுவடிக் கட்டை வரைந்தேன். சென்ற விடுமுறையில் என் மகள் அதுவரை ஆடிச் சென்றுவிட்டு, "அப்பா, இதைத் திறக்க முடியாதா?" என்று கேட்டாள். முடியாது, அது வெறும் படம் என்றேன்.